சிறு நட்டும் சுழலும் சக்கரமும்

உருவத்தால் சிறியதன் பெருமையை எடுத்துக்கூற வந்த வள்ளுவர், அதற்கு உவமையாகத் தேடிப் பிடித்த பொருள் தேரின் அச்சாணி. தேர் மலைபோல் உயர்ந்து நிற்கலாம். வடம் பிடிக்க ஊரே திரண்டு வரலாம். ஆணி கழன்றால் சக்கரம் கழலும். சக்கரம் கழன்றால் தேர் சாயும். இவ்வுண்மையை நம் நாட்டு வண்டிக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர். கடையாணியைத் தொட்டுப் பாராமல் மாட்டை நுகத்தில் பூட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

இன்று மாட்டுவண்டி போய் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் வந்துவிட்டன. கடையாணி இருந்த இடத்தில் நட்டு அமர்ந்திருக்கிறது. வேகமோ பன்மடங்கு பெருகிவிட்டது. ஆனால் புறப்படுமுன் சக்கரத்தின் நட்டைத் தொட்டுப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்? பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிறோம், கண்ணாடியில் தலைமுடி ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கிறோம், அத்தோடு சரி!

புனே நகரில் பயிலும் நமக்கு இருசக்கர வண்டி மூன்றாவது கால் போன்றது. கணேஷ்கிண்டில் உள்ள நம் பல்கலைக்கழகத்திலிருந்து கேம்ப் பகுதி ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 1817-இல் படைவீரர்களின் பாசறையாகத் தோன்றிய அந்தக் கேம்ப்புக்கு, மகாத்மா காந்தி சாலையில் துணி எடுக்கவும் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள கயானி பேக்கரியில் பிஸ்கோத்து வாங்கவும் வாரம் ஒருமுறையேனும் போய் வருகிறோம். ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறக்குறைய 1.35 மீட்டர் கடக்கும். ஆகவே கேம்ப் போய்ச் சேருவதற்குள் அது 6,000 முறை சுழல்கிறது. 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மகாபலேசுவரத்துக்குச் சென்றால் 90,000 முறை! ஒவ்வொரு சுழற்சியிலும் நட்டு ஒருமுறை சோதிக்கப்படுகிறது என்றே கொள்ளலாம். அச் சோதனையில் அது தேறுவது எதனால், தவறுவது எதனால் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

புனேயில் பிறந்த சேத்தக்

மோட்டார் காரின் சக்கரத்தைப் பல நட்டுகள் வட்டமாக நின்று பிடித்திருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். இருசக்கர வண்டிகளிலும் அவ்வாறு அமைந்த ஒன்று உண்டு. அதன் வரலாறு நம் நகரத்தோடு தொடர்புடையது.

1946-இல் இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா என்னும் ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானத் துறைப் பொறியாளர். சக்கரத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்குக்குப் பதிலாக, விமானத்தின் தரைச்சக்கரம் போல ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாங்கும் அமைப்பை அவர் வைத்தார். மறுபக்கம் திறந்திருப்பதால் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுவது எளிதாயிற்று. அந்த வழியில் வந்ததே, பஜாஜ் நிறுவனம் 1972 முதல் வெளியிட்ட சேத்தக். இராணா பிரதாபின் குதிரையின் பெயரைத் தாங்கிய அவ்வண்டி, புனேயை அடுத்த ஆகுர்டித் தொழிற்சாலையில் உருவாகி நாடெங்கும் ஓடியது. 2020-இல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் ஒன்று விற்பனைக்கு வந்தது. ஆயினும் தந்தையாரோ மாமாவோ விட்டுச்சென்ற பழைய சேத்தக்கைப் பேணி ஓட்டும் மாணவர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர்.

அப் பழைய சேத்தக்கின் சக்கரத்தை உற்று நோக்குங்கள். டிரம்மிலிருந்து ஐந்து ஸ்டட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிம்மை அவற்றில் மாட்டி, ஐந்து நட்டுகளால் இறுக்க வேண்டும். இரண்டு பேரையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து செல்லும் சக்கரத்தைப் பிடித்திருப்பவை, சுண்டுவிரல் அளவும் பருமனில்லாத இந்த ஐந்து ஸ்டட்டுகளே.

நட்டு எவ்வாறு பிடிக்கிறது?

சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதுபோல, ஸ்டட்டுகளின் மீது வண்டியின் பாரம் தொங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உண்மையில் ஸ்டட்டு ஓர் இழுத்த வில்லைப்போல வேலை செய்கிறது.

நட்டை முடுக்கும்போது அது மரையின் மீது ஏறி ரிம்மை அழுத்துகிறது. மேலும் முடுக்கினால் நட்டு நகர இடமில்லை. எனவே ஸ்டட்டு நீள்கிறது. இரும்பு நீளுமா என்று ஐயுற வேண்டா; ரப்பரைப் போலவே இரும்பும் நீளும், அளவுதான் மிகக் குறைவு. நீண்ட ஸ்டட்டு தன் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்பே ரிம்மையும் டிரம்மையும் ஒன்றோடொன்று சேர்த்து நெருக்குகிறது. நெருக்கிய இரு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் பிடிக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டட்டில் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையுடன் நட்டை முடுக்குவதாகக் கொள்வோம். அதாவது, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 10 கிலோ எடை தரும் அழுத்தம். முறுக்கு விசையை, விட்டத்தாலும் 0.2 என்னும் உராய்வுக் காரணியாலும் வகுத்தால் ஸ்டட்டில் எழும் இழுவிசை கிடைக்கும். அது 12,500 நியூட்டன். அதாவது ஒன்றேகால் டன்னுக்குச் சற்றே அதிகம்! ஐந்து நட்டுகளும் சேர்ந்தால் ஆறு டன்னுக்கு மேற்பட்ட நெருக்கம். அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உராய்வாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், சக்கரம் வழுக்கத் தொடங்க ஏறக்குறைய 950 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. வண்டியும் அதில் செல்லும் இருவரும் சேர்ந்தால் 250 கிலோ அளவே இருக்கும். குழியில் விழுந்தாலும், திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் அசையாமல் நிற்பதன் இரகசியம் இதுவே.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். இவ்வளவு பெரிய விசையைத் தரும் நீட்சி எவ்வளவு? நெருக்கப்படும் பகுதி 15 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஸ்டட்டு நீள்வது 0.025 மில்லிமீட்டர். மனிதரின் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை நம்பி நாம் மலைச்சாலையில் பறந்துகொண்டிருக்கிறோம்!

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. ரிம்முக்கும் டிரம்முக்கும் இடையே மண்ணோ துருவோ புதிதாக அடித்த பெயிண்டோ இருந்து, அது ஓடும்போது நசுங்கி, ஒரு மயிரிழையில் பாதியளவு இடம் கொடுத்தாலே போதும். நீட்சி முழுவதும் போய்விடும். நட்டு ஒரு சுற்றுக்கூடத் திரும்பியிராது. பார்வைக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பிடிப்பு இராது. ‘நட்டு இருக்கிறது’ என்பது வேறு. ‘நட்டு பிடித்திருக்கிறது’ என்பது வேறு.

தளர்வது எவ்வாறு?

திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றிவைத்த சாய்தளமே. 8 மில்லிமீட்டர் ஸ்டட்டில் அச் சாய்தளத்தின் சரிவு 3 டிகிரி அளவே. சரிவு குறைவாகவும் உராய்வு மிகுதியாகவும் இருப்பதால், அசையாமல் நிற்கும் வண்டியில் நட்டு தானாகக் கழலாது. அப்படியானால் ஓடும் வண்டியில் மட்டும் ஏன் கழல்கிறது?

இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்டு யுங்கர். 1969-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நட்டைக் கழற்றும் முதல் பகைவன் பக்கவாட்டு அசைவே என்று காட்டியது. மேசைமீது கனமான பெட்டி ஒன்று இருக்கிறது. மேசை சற்றே சாய்ந்திருந்தாலும் பெட்டி வழுக்குவதில்லை. ஆனால் பெட்டியை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வோர் அசைவிலும் அது சிறிது சிறிதாகக் கீழே இறங்கிவிடும். பக்கவாட்டில் வழுக்கும் கணத்தில், சரிவில் இறங்காமல் தடுக்க உராய்வுக்கு ஆற்றல் மிஞ்சுவதில்லை. நட்டின் நிலையும் இதுவே. நெருக்கம் குறைந்து, ரிம் டிரம்மின்மீது சிறிதளவு வழுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு சுழற்சியிலும் நட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு பின்னோக்கித் திரும்பும். அளவு சிறிதுதான், ஆனால் கிலோமீட்டருக்கு 740 சுழற்சிகள் உள்ளன என்பதை மறத்தலாகாது.

தளர்ச்சி ஒரு தொற்றுநோய் போன்றது. ஒரு நட்டு தளர்ந்தால் அதன் பங்கை மற்ற நான்கும் சுமக்கின்றன. அவற்றுள் இன்னொன்று தளர்கிறது. ஸ்டட்டுகள் முன்னும் பின்னும் வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல் ஒருநாள் ஒடிகின்றன. நன்றாக இறுக்கிய ஸ்டட்டு அறுந்துபோகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அளவோடு இறுக்கிய ஸ்டட்டுக்கே ஆயுள் மிகுதி. தளர்ந்த ஸ்டட்டுதான் முதலில் ஒடிகிறது.

சென்ற மழைக்காலத்தில் விடுதி நண்பர்கள் சிலர் கூடிக் காத்ரஜ் மலைச்சாலை வழியாகச் சென்றோம். ஒருவர் தம் தந்தையாரின் பழைய சேத்தக்கில் வந்தார். ஏற்றத்தில் அவ்வண்டியின் பின்புறத்திலிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஓசை. வேகம் கூடினால் ஓசையும் விரைந்தது. ‘சாலை சரியில்லை, அதுதான்’ என்றார் அவர். பின்னால் அமர்ந்திருந்தவர் பிடிவாதமாக வண்டியை நிறுத்தச் செய்தார். பார்த்தால், ஐந்து நட்டுகளில் இரண்டைக் காணோம்! ஒன்று கையாலேயே திருகும் நிலையில் இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன்பு சாலையோரக் கடை ஒன்றில் பஞ்சர் ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் ‘ஹோ கயா’ என்றதும் இவரும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஏற்றத்தில் நின்ற வண்டி தப்பியது. அடுத்து வரவிருந்த இறக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அளவுக்கு மிஞ்சினால்

‘அப்படியானால் பலங்கொண்ட மட்டும் முடுக்கிவிடுவோம், ஸ்பேனரில் குழாயைச் செருகிக் காலால் மிதிப்போம்’ என்று எண்ணுவதும் தவறு. அமுதமும் நஞ்சாகும் அளவொன்று உண்டு. இரும்பு வில்போல் நீண்டு சுருங்குவது ஓர் எல்லை வரைதான். அதைக் கடந்தால் நீண்டது நீண்டதே, திரும்பாது. அத்தகைய ஸ்டட்டு தன் வலிமையை இழந்துவிடும். அல்லது மரை சிதைந்துவிடும். புத்தி பேதலித்தவனை நாம் ‘மரை கழன்றவன்’ என்கிறோம். மரை கழன்ற ஸ்டட்டை நம்புவதைவிட அவனை நம்பலாம்!

எண்ணெய் தடவுவதிலும் கவனம் வேண்டும். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய 90 விழுக்காடு உராய்வைக் கடப்பதற்கே செலவாகிறது. பத்தில் ஒரு பங்கே ஸ்டட்டை நீட்டுகிறது. மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறையும். அதே முடுக்கல் ஸ்டட்டை மிகுதியாக இழுத்துவிடும். மேலே கண்ட கணக்கில் 0.2 என்பது 0.15 ஆனால், 12,500 நியூட்டன் என்பது 16,600-ஐத் தாண்டும். ஆகவே எண்ணெய் இடுமாறு கையேடு சொன்னாலன்றி, மரையைத் துடைத்து உலர்ந்த நிலையில் முடுக்குவதே நலம்.

ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வதற்கும் இல்லை. பக்கவாட்டு அசைவு தொடங்கிவிட்டால் அதனால் பெரும்பயன் கிடைப்பதில்லை. நட்டின் முதற்காவல் சரியான இறுக்கமே.

மோட்டார் சைக்கிளில்

மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் ஐந்து நட்டு வட்டம் இல்லை. ஒரே அச்சு இருபுறமும் ஊடுருவிச் சென்று, முனையில் ஒரு பெரிய நட்டால் இறுக்கப்படுகிறது. அந்த இறுக்கம், பேரிங்கின் உள்வளையம், இடையிலுள்ள குழாய், இருபுற வாஷர்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து நெருக்கி ஒரே பொருள்போல் ஆக்குகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் பின்சக்கரமும் ஒற்றை நட்டையே நம்பியுள்ளது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டாயினும், நேற்று வாங்கிய புது வண்டியாயினும் தத்துவம் ஒன்றே.

இங்கு ஆபத்து புகும் வழி செயின். செயின் தொய்ந்தால், பின் அச்சின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி இறுக்க வேண்டும். அவசரத்தில் அரைகுறையாக இறுக்கினால், செயின் ஒரு பக்கமாக இழுத்துச் சக்கரத்தைக் கோணலாக்கிவிடும். எனவே செயின் சரிசெய்து வந்த நாளே நட்டைப் பார்க்க வேண்டிய நாள்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இன்னொரு சிறு நட்டும் உண்டு. பிரேக் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் தடுக்க ஒரு கம்பி அதைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும். அக்கம்பியின் நட்டு விழுந்துவிட்டால், பிரேக் மிதித்த கணத்தில் தகடே சுழன்று சக்கரத்தை இறுகப் பூட்டிவிடும். பல வண்டிகளில் அந்த நட்டு விழாதிருக்க ஸ்பிளிட் பின் ஒன்றைக் கோத்திருப்பார்கள். பழைய கடையாணியின் பேரன்தான் அது! பின் இல்லாமல் நட்டை மட்டும் மாட்டித் தந்தால் ஏற்றுக்கொள்ளலாகாது. நானா பேட்டை உதிரிப்பொருள் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. ஒருமுறை நிமிர்த்திய பின்னை மீண்டும் வளைத்துப் போடாமல் புதியதையே போட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பஞ்சர் ஒட்டியபோதும், டயர் மாற்றியபோதும், செயின் சரிசெய்தபோதும் நட்டுகளைக் கடைக்காரர் முன்னிலையிலேயே ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். பணிவாகக் கேட்டால் எவரும் கோபிப்பதில்லை.

2. ரிம்மும் டிரம்மும் சேரும் முகங்களைத் துணியால் துடைத்து, மண், துரு, உதிரும் பெயிண்ட் ஆகியவற்றை நீக்கிய பின்னரே சக்கரத்தை மாட்ட வேண்டும்.

3. ஐந்து நட்டுகளையும் முதலில் கையால் திருக வேண்டும். பிறகு வரிசையாக முடுக்காமல், ஒன்றை முடுக்கியதும் அடுத்துள்ளதை விட்டு அதற்கடுத்ததை முடுக்கி, நட்சத்திரம் வரைவதுபோல் இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். அப்பொழுதுதான் ரிம் ஒருபக்கம் சாயாமல் சமமாக உட்காரும்.

4. மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். முகங்கள் நசுங்கி உட்காருவது இந்தத் தொலைவில்தான்.

5. சரியாக இறுக்கிய நட்டின் மீதும் பக்கத்து இரும்பின் மீதும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடலாம். கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று பொருள். ஆனால் கோடு முறியவில்லை என்பதற்காக ஸ்பேனர் சோதனையை விட்டுவிடலாகாது. நட்டு திரும்பாமலே பிடிப்புப் போகலாம் என்பதை முன்பே கண்டோம்.

6. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் நட்டிலோ பேரிங்கிலோ குறை உண்டு. ஓடும்போது வேகத்தோடு மாறும் ‘டக், டக்’ ஓசை கேட்டால் ‘வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்’ என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்த வேண்டும்.

7. சேத்தக் வைத்திருப்போர்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அதன் ரிம் இரண்டு பாதிகளால் ஆனது. அப்பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் வேறு. சக்கரத்தை டிரம்மோடு சேர்க்கும் நட்டுகள் வேறு. டியூபில் காற்று இருக்கும்போது பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து கையையும் முகத்தையும் தாக்கும். காற்றை முழுவதும் இறக்கிய பின்னரே அவற்றில் கை வைக்க வேண்டும்.

8. உங்கள் வண்டிக்குரிய முறுக்கு விசை எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே கூறிய 20 நியூட்டன் மீட்டர் கணக்கை விளக்குவதற்காகக் கொண்ட எண். எல்லா வண்டிக்கும் பொருந்துவதன்று.

கையேடு சொல்லும் அளவுக்குச் சரியாக இறுக்க டார்க் ரெஞ்சு என்னும் கருவி உண்டு. குறித்த அளவு வந்ததும் அது ‘கிளிக்’ என்று ஒலி எழுப்பி உணர்த்தும். ஒவ்வொருவரும் அதை வாங்கி வைத்திருப்பது இயலாது. ஆனால் நம் சங்கம் ஒன்று வாங்கி வைக்கலாம். ஆண்டுதோறும் நாம் நடத்தும் சுற்றுலாவின் சிற்றுண்டிச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால் போதும். சுற்றுலாவுக்கு முதல்நாள் மாலை எல்லோரும் வண்டிகளோடு கூடி, ஒருவர்க்கொருவர் நட்டுகளைச் சோதித்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் தமிழகத்திலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கையர்க்கும், பழைய வண்டி வாங்கிய அன்றே இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். மொழி தெரியாத ஊரில் மலைச்சாலையில் சக்கரம் ஆடி நிற்பவருக்கு, முன்பே கற்ற இச் சிறு பாடம் உதவியாக நிற்கும்.

நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பற்றி ஆலோசிப்பார்களாக. அதுவரை, இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒருமுறை கீழே இறங்கிச் சென்று, உங்கள் வண்டியின் நட்டில் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள்.